சம்பந்தியோடு மணல்காட்டில்

நவம்பர் 12, செவ்வாய். மஸ்கட்

இந்த ஊர் விமான நிலையத்துக்கு நான் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவேன். இன்றைக்குப் புறப்பாடு வாசலில் போய் நின்றுகொண்டு, வந்து இறங்குகிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாம் தாரிணி செய்த வேலை.

வழியில் போன் அடித்தாள். "அப்பா, வண்டி ஓட்டறீங்களா? ஓரமா நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். கல்யாணம் வேண்டாமாம். மாப்பிள்ளை ஆதவனோடு ஏதாவது சண்டையா என்று கேட்டேன்.

"சண்டை வந்திருந்தாத்தான் பரவால்லையேப்பா. ஆவணியில நிச்சயம் ஆனதுலேர்ந்து அவரு எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. போன வாரம் பெங்களூர்ல ஒரு ஹோட்டல்ல ரெண்டு பேருக்குமே பிடிக்காத ஒண்ணை, அவருக்குப் பிடிக்கும்னு நானும் எனக்குப் பிடிக்கும்னு அவரும் சாப்பிட்டு முடிச்சோம். அப்பத்தான் உக்காந்து நெசமாப் பேசினோம். வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அழுகையெல்லாம் இல்லை, சிரிச்சுக்கிட்டேதான். அவங்கவங்க அப்பாகிட்ட அவங்கவங்க சொல்றதுன்னு பேச்சு. நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். அவள் பாடு முடிந்தது. என் பாடு அப்போதுதான் ஆகாயத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி தங்கமுத்து, உடுமலையில் தென்னந்தோப்பும் நார் மில்லும் வைத்திருப்பவர். நிச்சயத்தின்போது என் போனில் மணல்காட்டில் நான் ஜீப் ஓட்டும் படங்களைப் பார்த்துவிட்டு, "ஒருக்கா இதைப் பாத்துப்போடோணுமுங்க சம்பந்தி" என்றார். வாங்க என்றேன். இதோ, வந்தே விட்டார். புது பூட்ஸ், காதை மூடும் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு.

ஆதவன் இன்னும் சொல்லவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. வண்டியில் வரும்போது இரண்டு முறை "சம்பந்தி..." என்று ஆரம்பித்துவிட்டு, ஒரு முறை "இங்க மழை உண்டுங்களா" என்றார், இன்னொரு முறை "ரோடு நல்லாப் போட்டிருக்கறாங்க" என்றார். பயணக் களைப்பு.

இரவு சாப்பாட்டில் என் மனைவி சுசீலா மண்டபப் பேச்சை எடுத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இவர் ஊருக்குப் போகும்வரை அம்மாவிடம் சொல்லாதே என்று தாரிணியிடம் கெஞ்சியிருக்கிறேன், இவள் முகமே காட்டிக் கொடுத்துவிடும். "அதுக்கென்னங்க, பாத்துக்கலாமுங்க" என்று சம்பந்தி இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். பாவம், வெள்ளந்தி மனுஷன். நான் பெண்ணைப் பெற்றவன், சொல்ல வேண்டியது நான்தான். நேரில், நல்லபடியாக, மணல்காட்டில் ஒரு நல்ல இடம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு இந்த மனுஷர் என் முகத்தில் விழிப்பாரா என்பதுதான் கேள்வி.

நவம்பர் 13, புதன்

சாமான் கட்டினோம். மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை, கயிறு, தண்ணீர், அரிசி.

சம்பந்தி காலையில் மூன்று தோசை சாப்பிட்டார். விஷயம் தெரிந்தவர் மூன்று தோசை சாப்பிட மாட்டார். (நான் நாலு சாப்பிட்டேன். அது வேறு.)

நவம்பர் 14, வியாழன். வஹிபா மணல், முதல் கூடாரம்

மணலுக்குள் ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது. அதனால் எப்போதும்போல டெய்சியின் வண்டி முன்னால். டெய்சி மார்த்தாண்டத்துக்காரி, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் கூட்டத்தில் அவளைப்போல வண்டி ஓட்ட ஆளில்லை, அவளைப்போலத் திட்டவும் ஆளில்லை. அவள் வீட்டுக்காரர் ஜெபசிங் பக்கத்து இருக்கையில் தூங்குவார், இறங்கினால் சமைப்பார், பேச மாட்டார். நல்ல ஜோடி.

பிதியாவில் தார் ரோடு முடிகிற இடத்தில் எல்லோரும் இறங்கி டயரில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். மணலில் டயர் தளர்ந்து அகலமாகப் பரவினால்தான் மேலே மிதந்து போகும், இறுக்கமாக இருந்தால் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். இதை நான் சம்பந்திக்கு விளக்கியிருக்க வேண்டும். அப்போது அவர் டெய்சி வண்டியில் கட்டியிருந்த நீளக் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டிக்குத் தெரிவதற்காக அது. நான் அதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

பிறகு மணல். முதலில் செம்பழுப்பு, உள்ளே போகப்போக வெளுத்த மஞ்சள். மேடு மேடாக, நீள நீளமாக, நடுவில் பள்ளத்தாக்கு. முதல் மேட்டின் முகட்டில் வண்டி மூக்கைத் தூக்கி, ஒரு கணம் கண்ணாடி முழுக்க வானம் மட்டும் தெரிந்து, பிறகு மூக்கு கவிழ்ந்து கீழே பள்ளம் தெரிந்தபோது சம்பந்தி "அடங்கொப்புரானே!" என்று கத்தினார். கத்திவிட்டு, "மன்னிச்சுக்குங்க சம்பந்தி" என்றார். அடுத்த மேட்டிலும் கத்தினார். அதற்கும் மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் வரைக்கும் கத்தலும் மன்னிப்புமாகவே போனது. இத்தனை சந்தோஷமாக ஒரு பெரிய மனுஷனை நான் பார்த்ததில்லை. எப்படிச் சொல்வது?

கூடாரம் போட்டபின் ஜெபசிங்குக்கு உதவியாக வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான்.

நான் எழுந்த பிறகு சம்பந்தி போய் உட்கார்ந்து பூண்டு உரித்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பூண்டுக்குக் கண் கலங்கும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். புகையாக இருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால், என் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. நாலு டயரும் கல்லு மாதிரி. பக்கத்தில் சம்பந்தி, வேர்க்க விறுவிறுக்க, என் காற்றடிக்கும் மெஷினைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நாலுமே சப்பையாக் கெடந்துதுங்க. நீங்க அசந்து தூங்கறீங்க. எளுப்பறதுக்கு மனசு வரலைங்க. நானே அடிச்சுப்போட்டேன்."

இந்த இடத்தில் மூளை உள்ளவன் என்ன செய்வான்? "ஐயோ, நான்தானுங்க இறக்கி வெச்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான். நான் என்ன சொன்னேன்? "ரொம்ப நன்றிங்க சம்பந்தி. நானே அடிக்கோணும்னு இருந்தேன்" என்றேன். மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டு வண்டிக்குக் காற்றடித்திருக்கிறார். அவர் கண் முன்னாலேயே அதை 'புஸ்' என்று இறக்கிவிட எனக்குக் கை வரவில்லை. அதுவும், அவரிடம் நான் சொல்லப் போகிற விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு.

விளைவு தெரிந்ததுதான். முதல் பள்ளத்தாக்கைத் தாண்டுவதற்குள் அச்சு வரை புதைந்தது. தோண்டினோம், பலகை போட்டோம், கிளம்பினோம். மறுபடி புதைந்தது. "மண்ணு சரியில்லைங்க" என்றேன். "ஆமாங்க, ஒரு மாதிரிதான் இருக்குது" என்றார். மூன்றாவது தடவை டெய்சியே திரும்பி வந்து, காற்றளவு பார்க்கும் மீட்டரை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு இதுக்குக் காத்து அடிச்சது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்களா? இத்தன வருசமா மணல்ல ஓட்டுகீங்க! ஒங்களுக்கு என்ன, வெயில் தலைக்கு ஏறிட்டா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். சம்பந்தி அந்தப் பக்கம் திரும்பி ஒட்டகம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டகம் எதுவும் இல்லை. டெய்சி காற்றை இறக்க, இறக்க, அவர் காது சிவந்துகொண்டே போனது. வெயில்.

மத்தியானம் ஒரு கருவேலங்காடு மாதிரி மரக்கூட்டம் வந்தது. இங்கே காஃப் என்பார்கள். நிழலில் தயிர்சாதம் தின்றோம். சம்பந்தி சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நான் பண்ணின தப்புக்கு நீங்க பேச்சு வாங்கினீங்க. இப்பேர்ப்பட்ட மனுசருகிட்டப் போயி நானு..." அதோடு நிறுத்திவிட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நாளைக்கு என்ன ஆனாலும் நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாதுங்க" என்றார். முன் பம்பர் நசுங்கியதைச் சொல்கிறார் போல. அது பழைய நசுங்கல் என்றேன்.

வாய்ப்பு அதுதான். நல்ல நிழல், நல்ல பேச்சு. வாயைத் திறந்தேன். "ஊறுகாய் போட்டுக்குங்க சம்பந்தி" என்று வந்தது.

நவம்பர் 16, சனி. காலை

இன்றைக்குச் சொல்லிவிடுவது.

அதே நாள், சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சம்பந்தி, "ஒரே ஒரு மேடு நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். கொடுக்கக் கூடாது. தெரியும். தோப்பில் ஜீப் ஓட்டுகிறவர், சேற்றில் கெட்டிக்காரராக இருப்பார், மணல் வேறு. ஆனால் கேட்டது யார்? சாவியைக் கொடுத்தேன்.

ஒரு மேடு, ஐந்து மேடு ஆனது. ஏறும்போது பாதியில் பயந்து பிரேக் போட்டார். இறங்கும்போதும் போட்டார். ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்தது. நான் "அருமைங்க" என்றேன். வாக்கி டாக்கியில் டெய்சி கரைந்தாள்: "எதுக்குப் பிரேக்கை சவுட்டுகீங்க? பக்கத்துல இருக்கவருக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லிக் குடுக்கலாம்லா!" நான் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

பிறகு அந்தப் பெரிய மேடு. நேராக ஏறாமல் பக்கவாட்டில் சாய்வாகப் போனார். பாதியில் பின்பக்கம் கீழே வழுக்க ஆரம்பித்தது. யாருக்கும் அந்த நேரத்தில் மேல் பக்கம் திருப்பத்தான் கை போகும். திருப்பினால் வண்டி உருளும். மூக்கைக் கீழே திருப்பி, பள்ளத்தைப் பார்த்து இறக்க வேண்டும். அதற்கு மனசு வராது, யாராவது சொல்ல வேண்டும். அவர் மேலே திருப்பினார், பிரேக்கையும் மிதித்தார். வண்டி என் பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து குக்கர் வந்து என் தோளில் மோதியது. என் ஜன்னலில் வானம் போய் மணல் தெரிந்தது.

"அண்ணா! கீழ திருப்புங்ணா! மேல வேண்டாங்ணா, கீழ! கீழ! பிரேக்கை விடுங்ணா!"

கத்தினது நான்தான். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. அவர் திருப்பினார். பிரேக்கை விட்டார். வண்டி ஒரு குலுக்கலோடு நேராகி, மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டி, சறுக்குமரத்தில் போகிற பிள்ளை மாதிரி சறுக்கிக்கொண்டே போய்க் கீழே நின்றது. இன்ஜின் நின்றது. ஆளுக்கொரு பக்கம் இறங்கி மணலில் உட்கார்ந்தோம்.

பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "ஏனுங்க, என்னைய அண்ணான்னு கூப்புட்டீங்க."

எங்கள் பக்கத்தில் பஸ் கண்டக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் 'ங்ணா'தான். சம்பந்திக்கு மட்டும் கிடையாது. அண்ணன் என்றால் பங்காளி. பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை. பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளையின் அப்பாவை மச்சான் என்பான், சம்பந்தி என்பான், தூக்கத்தில்கூட அண்ணா என்று உளற மாட்டான். அப்படி ஒருவன் கூப்பிட்டால், கல்யாணம் நடக்காது என்று அவன் மனதுக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"பதட்டத்துலங்க" என்றேன்.

"பதட்டத்துலதானுங்க நெசம் வரும்." மணலைக் கையில் அள்ளி விட்டார். "அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க." அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "உங்களுக்கு?"

"ப்ளேன் ஏர்றதுக்கு மொதல்லயே தெரியுமுங்க. பையன் சொல்லிப்போட்டான்."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"இது போன்ல சொல்ற சங்கதியுங்களா? பொண்ணைப் பெத்தவருகிட்ட நேர்ல வந்து சொல்லோணும்னுதானுங்க வந்தேன். வந்தா, நீங்க விளுந்து விளுந்து கவனிக்கறீங்க. காத்தடிச்சுக் கெடுத்தா எம்பட தப்பை நீங்க ஏத்துக்கறீங்க. ஓட்டத் தெரியாம ஓட்டினா அருமைங்கறீங்க. நான் எந்த வாயில சொல்றதுங்க?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். அந்தப் பெரிய தொப்பி கழன்று உருண்டு போகிற அளவுக்குச் சிரித்தார். மேலிருந்து டெய்சி, "ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களா? எதுக்குக் குலுங்குகீங்க? அடிபட்டுட்டா?" என்று வாக்கி டாக்கியில் அலறியபடி வண்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதுக்கா மூணு நாளா எங்க உயிர வாங்குகீங்க?"

அப்போதுதான் ஜெபசிங் முதல் தடவையாகப் பேசினார். "எனக்கு வியாழக்கிழமையே தெரியும். வெங்காயம் உரிக்கும்போ இவர் சொன்னாரு. பூண்டு உரிக்கும்போ அவர் சொன்னாரு. யாருட்டயும் சொல்லாதீங்கன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க."

ஆமாம், நான் அவரிடம் சொல்லியிருந்தேன். இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

நவம்பர் 17, ஞாயிறு. கடற்கரை

மணல் தீர்ந்து கடல் வந்துவிட்டது. கடைசி மேட்டின் மேலிருந்து பார்த்தால் மஞ்சள் அப்படியே போய் நீலத்தில் முடிகிறது. சம்பந்தி பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அலையில் நின்றார். மீன்பிடிக்கிறவர்கள் ஒரு பெரிய மீனைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஜெபசிங் சுட்டார்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். "சரியாத்தானுங்க பண்ணியிருக்குதுங்க" என்றார். "கட்டி வெச்சிருந்தா, சப்பை டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டே காலம் பூராவும் புதைஞ்சிருக்குங்க." எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. மனதில் இருந்த பாரம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மீன் தின்று முடித்துக் கை கழுவும்போது அவர், "நாளைக்கு ஏர்போர்ட் பக்கமா ஒரு ரூம் பாத்துக் குடுத்துருங்க" என்றார்.

"ஏனுங்க? உங்களுக்குப் புதன்கிழமைதானுங்க விமானம். வீடு இருக்குதில்லீங்க?"

"இருக்குதுங்க. எந்த மொறையில வந்து தங்கறதுங்க? சம்பந்தியா வந்தேன். அது இல்லைன்னு ஆகிப்போச்சு. தங்கச்சிக்கு இன்னும் விசயமே தெரியாது. மண்டபம் பாக்கலாமான்னு கேட்ட பொம்பளை கையில இனிச் சோறு வாங்கித் திங்க எனக்குக் கூச்சமா இருக்குதுங்க."

நேற்று கத்தினேனே, அண்ணா என்று, அதைச் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஆபத்தில் கத்தினதை வைத்து ஒரு மனுஷனை வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது? இருபது வருஷமாக இந்த ஊரில் எனக்கு நண்பர்கள் உண்டு. ஆனால் மேட்டில் வண்டி மூக்கு கவிழும்போதெல்லாம் கத்திவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஆள் வேறு யார்? கல்யாணம் நின்றதற்கு வராத அழுகை இப்போது வந்தது. எழுதுவதற்கு என்ன வெட்கம், வந்தது.

டெய்சி பார்த்துவிட்டாள். "இப்ப வெங்காயமும் இல்லையே" என்றாள்.

நவம்பர் 18, திங்கள். மஸ்கட்

தார் ரோடு தொடங்கும் இடத்தில் டயருக்குக் காற்றடித்தோம். இந்தத் தடவை சம்பந்தி என்னிடம் கேட்டுக் கேட்டு அடித்தார். டெய்சியும் ஜெபசிங்கும் கை காட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்கள்.

ஊர் நெருங்கியதும் "அந்த ரூமுங்க..." என்றார்.

"மாட்டேங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே புதிதாக இருந்தது. அவரிடம் இந்த வார்த்தையை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. "எந்த மொறைங்கறதை அப்பறம் பாத்துக்கலாமுங்க. இப்ப வீட்டுக்குப் போறோம்." சுசீலாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று எழுதினேன் அல்லவா, அந்த ஊரில் இரண்டு இடத்தில் திருப்பத்தை விட்டேன்.

கதவைத் திறந்த சுசீலா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒத்திகை எல்லாம் மறந்துபோய், "சுசீலா, ஒரு விஷயம்" என்றேன்.

"தாரிணி சொல்லிட்டா. வியாழக்கிழமையே. அப்பாகிட்டச் சொல்லாதீங்க, அவரு முகமே காட்டிக் குடுத்துரும்னு சொன்னா." என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள். "ஏனுங்ணா வெளியவே நிக்கறீங்க? கை கால் கழுவிட்டு வாங்ணா. சாதம் ஆறுது."

சம்பந்தி வாசற்படியிலேயே நின்றார். "இல்லை தங்கச்சி. இனி நான் எந்த மொறையில உள்ள வர்றது?"

சுசீலாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும். குறைந்தது.

"உங்க பையனும் என்ற பொண்ணும் வேண்டாம்னா அது அவங்க பாடு. நான் கூடப் பொறந்தவங்க இல்லாம வளந்தவ. ஆவணியில எனக்கு ஒரு அண்ணன் கெடைச்சாரு. கல்யாணம் நின்னுபோச்சுன்னா தட்டை வேணா திருப்பிக் குடுக்கறேன், வெத்தலை பாக்கு திருப்பிக் குடுக்கறேன். அண்ணனை எதுக்குங்க நான் திருப்பிக் குடுக்கோணும்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உள்ளே வந்து திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் செருப்பைச் சரியாக அடுக்குவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

சாப்பிடும்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மணலில் நான் அவரை அண்ணனாக்கிவிட்டேன். இவளோ தனக்கு அண்ணன் என்கிறாள். இவளுக்கு அண்ணன் என்றால் எனக்கு மச்சான். மச்சான் என்றால், பிள்ளைகள் மறுபடியும் முறைக்காரர்கள் ஆகிறார்களே! நிமிர்ந்தேன். எதிரில் அவரும் விரல் விட்டு எண்ணி அதே இடத்துக்கு வந்து நிமிர்ந்தார். சுசீலா கரண்டியை ஓங்கினாள். "ரெண்டு பேரும் அந்தக் கணக்கைப் போடப்படாது. புள்ளைங்க சொன்னா சொன்னதுதான்." இரண்டு பேரும் குனிந்து சாம்பாரைப் பிசைந்தோம்.

"அப்ப நான் உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டார், மெதுவாக.

"மச்சானுங்க" என்றேன்.

சொன்னதும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. சம்பந்தியிடம் எதையும் சொல்ல முடியாது. மச்சானைக் கேலி செய்யலாம், திட்டலாம், முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லலாம், அதற்காகவே மச்சான். சோற்றுக் கையை உதறிவிட்டுச் சொன்னேன்.

"மச்சான், உங்களுக்கு வண்டி ஓட்டவே தெரியாதுங்க."

அவருக்குப் புரை ஏறியது. சுசீலா ஓடி வந்து தலையில் தட்டினாள். சிரிப்பும் இருமலும் அடங்க வெகுநேரம் ஆனது. தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, அவர் என்னைப் பார்த்தார்.

"இதை மொதல் நாளே சொல்லியிருந்தா இன்னும் நாலு மேடு சேத்தி ஏறியிருக்கலாமேங்க, மச்சான்!"